எக்ஸ்பிரஸ் பஸ்ஸும் வீட்டுக் காரும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

விரைவுப் பேருந்தில் வேலைக்குப் போகிறவர்களில் எத்தனை பேருக்குக் கார் வசதி உண்டு? கேட்க எளிதாக இருக்கும் இந்தக் கேள்வி, கணக்கெடுக்க இறங்கியதும் கையை விட்டு நழுவும். வழித்தடம் வகுப்பவர்களும், படிவம் தயாரிப்பவர்களும், அறிக்கையை வாசிப்பவர்களும் திரும்பத் திரும்பக் கேட்கும் சந்தேகங்களை இங்கே சேர்த்திருக்கிறோம். கேள்விகள் கேட்டவர்களின் பேச்சிலேயே இருக்கின்றன.

எக்ஸ்பிரஸ் பஸ்ஸுன்னு எதைச் சொல்றீங்க? நிறுத்தம் குறைஞ்சா எல்லாமே எக்ஸ்பிரஸ்தானே?

புறநகரில் சில இடங்களில் ஆளேற்றிக்கொண்டு, நடுவில் எங்கும் நிற்காமல் நெடுஞ்சாலை வழியே வேலையிடங்கள் நெருங்கியிருக்கும் மையப் பகுதிக்குப் போகும் பஸ்ஸைத்தான் இங்கே சொல்கிறோம். பெரும்பாலும் காலையில் உள்ளே, மாலையில் வெளியே என்று நெரிசல் நேரத்தில் மட்டும் ஓடும். சாதாரண பஸ்ஸில் சில நிறுத்தங்களைத் தாண்டிப் போகும் 'குறைந்த நிறுத்தச் சேவை' வேறு வகை. அதில் ஏறும் கூட்டமும் வேறு. இரண்டையும் ஒரே கணக்கெடுப்பில் கலந்தால் கார் விகிதம் அர்த்தமில்லாத சராசரியாகிவிடும்.

கையில கார் இருக்கிறவங்க எதுக்கு பஸ்ல வரணும்?

காரை ஓட்டிப் போவது பெரும்பாலும் சிரமம் இல்லை. போய்ச் சேர்ந்த இடத்தில் அதை நிறுத்துவதுதான் சிரமம். மையப் பகுதியில் நாள் முழுக்கப் பார்க்கிங் செய்யும் செலவு, டோல், நீண்ட தூரத்துக்கான எரிபொருள், நெரிசலில் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி கழியும் நேரம் எல்லாம் சேரும்போது பஸ் மலிவாகிறது. தூங்கலாம், படிக்கலாம் என்பதும் நீண்ட பயணத்தில் சிறிய லாபம் இல்லை.

பார்க்கிங்கின் கனத்தைக் காட்ட ஒரு நல்ல சான்று உண்டு. அலுவலகம் இலவசமாகத் தரும் பார்க்கிங் இடம் வேண்டாம் என்றால் அதன் மதிப்பைப் பணமாகப் பெற்றுக்கொள்ளலாம் என்று கலிபோர்னியா 1992-ல் சட்டம் கொண்டுவந்தது. அதைக் கடைப்பிடித்த 8 நிறுவனங்களை ஆராய்ந்த நகரத் திட்டப் பேராசிரியர் டொனால்ட் ஷூப், 1997-ல் முடிவுகளை வெளியிட்டார். தனியாகக் கார் ஓட்டி வந்தவர்களின் பங்கு 76 சதவீதத்திலிருந்து 63-க்கு இறங்கியது. பொதுப் போக்குவரத்தில் வந்தவர்கள் 50 சதவீதம் கூடினார்கள். அந்த ஊழியர்களின் வீட்டுக் கார்களை யாரும் பறிக்கவில்லை. பார்க்கிங் இடத்துக்கு ஒரு விலை இருக்கிறது என்று தெரிந்தது, அவ்வளவுதான்.

"உங்கள் வீட்டில் கார் இருக்கிறதா?"ன்னு ஒரே கேள்வி கேட்டா போதாதா?

போதாது. வீட்டில் கார் இருப்பது வேறு. இன்று காலை 7 மணிக்கு அது பஸ்ஸில் வரும் இவர் கைக்குக் கிடைப்பது வேறு. நடுவில் நான்கு கதவுகள் இருக்கின்றன. வீட்டில் ஓடும் நிலையில் ஒரு கார் வேண்டும். இவருக்கு லைசென்ஸ் வேண்டும், ஓட்டும் துணிவும் வேண்டும். அந்த நேரத்தில் அந்தக் காரை வேறு யாரும் எடுத்துப் போயிருக்கக் கூடாது. போய்ச் சேரும் இடத்தில் தாங்கக்கூடிய செலவில் நிறுத்த இடம் வேண்டும். ஒரு கதவு மூடியிருந்தாலும் அந்தப் பயணத்துக்கு அவரிடம் கார் இல்லை.

ஒரே கேள்வியோடு நிறுத்திய கணக்கெடுப்புகள் கார் வசதியைக் கூட்டிக் காட்டும். அதை நம்பி, 'இவர்களுக்கு வேறு வழி இருக்கிறது' என்று சேவையைக் குறைப்பவர்கள், வழியே இல்லாத பலரையும் சேர்த்துத் தெருவில் விட்டுவிடுகிறார்கள். இதை நாங்கள் அழுத்திச் சொல்லக் காரணம் அதுதான்.

வீட்ல ஒரு கார், வேலைக்குப் போறவங்க ரெண்டு பேர். இவங்களை எதுல சேர்க்கிறது?

வீட்டிலுள்ள கார்களின் எண்ணிக்கையை, அங்கே லைசென்ஸ் வைத்திருப்பவர்களின் எண்ணிக்கையால் வகுத்துப் பாருங்கள். விடை 0 என்றால் காரில்லா வீடு. 1-க்குக் குறைவு என்றால் கார் பற்றாத வீடு. 1 அல்லது அதற்கு மேல் என்றால் ஆளுக்கொரு கார் உள்ள வீடு. நீங்கள் சொன்ன வீட்டில் இருவருக்கும் லைசென்ஸ் இருந்தால் விடை 0.5, அது நடு வகை.

இந்த நடு வகையைத்தான் பலர் தவறவிடுகிறார்கள். காலையில் யார் கார் எடுப்பது என்பது அந்த வீட்டுக்குள் நடக்கும் ஒரு பேரம். குழந்தையைப் பள்ளியில் விடுகிறவர், பஸ்ஸே போகாத இடத்தில் வேலை பார்க்கிறவர், இரவுப் பணி உள்ளவர் ஆகியோருக்குக் கார் போகும். வேலையிடம் எக்ஸ்பிரஸ் பஸ் வழியிலேயே இருப்பவர் பஸ்ஸில் வருவார். இந்த பஸ் நின்றுபோனால் அந்த வீடு இரண்டாவது கார் வாங்கும், அல்லது ஒருவர் வேலையை மாற்றிக்கொள்வார்.

ஒரு எச்சரிக்கை: லைசென்ஸ் இல்லாத பெரியவர்களை வகுக்கும் எண்ணில் சேர்க்காதீர்கள். சேர்த்தால் வீட்டில் கார் உண்மையைவிடப் பற்றாததாகத் தெரியும்.

ஆபீஸ் கார், பைக், வாடகை டாக்சி இதெல்லாம் கணக்குல வருமா?

அலுவலகம் தந்த கார் இரவில் வீட்டில் நின்று, சொந்த வேலைக்கும் பயன்பட்டால் வீட்டுக் கார்தான். பைக்கைத் தனியாக எண்ணுங்கள். நெடுஞ்சாலையில் நீண்ட தூரத்துக்கு அது காருக்கு ஈடில்லை, ஆனால் பஸ் நிறுத்தம் வரை வர அதுவே பலருக்கு வழி. டாக்சியைக் கார் வசதியாக எழுத வேண்டாம். அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கெடுப்புத் துறையின் ஆண்டுக் கணக்கெடுப்பு, வீட்டினரின் பயனுக்காக வீட்டில் வைத்திருக்கும் கார், வேன், ஒரு டன் வரையிலான டிரக் எத்தனை என்று கேட்கிறது. யார் பெயரில் பதிவு என்று கேட்காமல் 'வீட்டில் இருக்கிறதா, வீட்டினர் எடுக்கலாமா' என்று கேட்கும் இந்த அமைப்பு பின்பற்றத் தக்கது.

படிவத்துல கேள்வியை எப்படி எழுதணும்? ஆளுக்கு ஆள் வேற மாதிரி புரிஞ்சுக்கிறாங்க.

'உங்களுக்குக் கார் கிடைக்குமா?' என்று எழுதினால், மனைவி ஓட்டிக் கொண்டுவிடுவார் என்று நினைப்பவரும் 'ஆம்' போடுவார். நண்பர் காரில் தொற்றிக்கொள்ளலாம் என்று நினைப்பவரும் 'ஆம்' போடுவார். 'இன்று இந்தப் பயணத்துக்கு நீங்களே ஓட்டிவர ஒரு கார் கிடைத்திருக்குமா?' என்று எழுதுங்கள். 'இன்று', 'இந்தப் பயணம்', 'நீங்களே' என்ற மூன்று சொற்களும் அவசியம். விடைகளும் மூன்றாக இருக்கட்டும்: தாராளமாகக் கிடைத்திருக்கும்; வீட்டில் வேறொருவருக்குச் சிரமம் கொடுத்திருந்தால் கிடைத்திருக்கும்; கிடைத்திருக்காது. அந்த நடு விடை, மேலே சொன்ன கார் பற்றாத வீட்டைப் பிடித்துத் தரும்.

அடுத்து, 'இந்த பஸ் இல்லாவிட்டால் இன்று எப்படி வந்திருப்பீர்கள்?' என்று கேட்க வேண்டும். தனியாகக் கார், பிறருடன் காரில், ரயில், வேறு பஸ், வீட்டிலிருந்தே வேலை என்பவற்றோடு 'வந்திருக்கவே மாட்டேன்' என்ற விடையும் கட்டாயம் வேண்டும். அது இல்லாத படிவத்தில் வேறு வழியில்லாதவர்கள் ஏதோ ஒரு கட்டத்தில் டிக் அடித்துவிட்டுப் போவார்கள். கார் எண்ணிக்கை, லைசென்ஸ் எண்ணிக்கை, வாரத்தில் எத்தனை நாள் இந்த பஸ், நிறுத்தத்துக்கு எப்படி வந்தார், போகுமிடத்தில் பார்க்கிங்குக்கு யார் பணம் கட்டுவது ஆகியவற்றையும் சேர்த்தால் கேள்விகள் பத்துக்குள் முடியும். வருமானக் கேள்வியைக் கடைசியில் வையுங்கள். முதலில் வைத்தால் பாதிப் படிவம் வெறுமையாகத் திரும்பும்.

400 பேர்கிட்ட கேட்டா போதும்னு சொல்றாங்களே, சரியா?

95 சதவீத நம்பிக்கையில், கூட்டியோ குறைத்தோ 5 சதவீதப் பிழைக்கு 385 பேர் என்பது சூத்திரம் தரும் எண். ஆனால் அது ஒவ்வொருவரையும் தனித்தனியே குலுக்கிப்போட்டு எடுத்த மாதிரிக்கு உரியது. நீங்கள் பஸ்களைத் தேர்ந்தெடுத்து, அதில் இருப்பவர்கள் எல்லோரிடமும் கேட்கிறீர்கள். ஒரே பஸ்ஸில் வருபவர்கள் ஒரே குடியிருப்பைச் சேர்ந்தவர்கள், கார் நிலவரமும் ஒன்றுபோலவே இருக்கும். 40 படிவம் வந்தாலும் 40 தனி ஆட்களுக்குரிய தகவல் வராது.

இதற்காக எண்ணை இரட்டிப்பாக்கினால் 770. கொடுத்ததில் 40 சதவீதம் திரும்பும் என்று வைத்தால் 1,925 படிவங்கள் அச்சிட வேண்டும். பஸ்களைக் குறைத்து ஒவ்வொன்றிலும் எல்லோரையும் பிடிப்பதைவிட, அதிக பஸ்களில் ஏறிச் சிலரைக் கேட்பது மேல். முதல் பஸ்ஸையும் கடைசி பஸ்ஸையும் விடாதீர்கள். அவற்றில் வருபவர்களின் வேலை நேரமே வேறு.

தினமும் வர்றவரும் வாரத்துக்கு ஒரு நாள் வர்றவரும் கணக்குல ஒண்ணுதானா?

பயணங்களை எண்ணினால் ஒன்று. ஆட்களை எண்ணினால் ஒன்றில்லை. வாரத்தில் 5 நாள் வருபவர் உங்கள் கையில் சிக்க ஐந்து மடங்கு வாய்ப்பு அதிகம்.

ஒரு கற்பனைக் கணக்கு. ஒரு நாள் 100 படிவம் வந்தது. 80 பேர் ஐந்து நாளும் வருபவர்கள், அவர்களில் 40 பேருக்குக் கார் வசதி உண்டு. 20 பேர் வாரம் ஒரு நாள் மட்டும் வருபவர்கள், அவர்களில் 18 பேருக்கு உண்டு. பயணக் கணக்கில் 100-க்கு 58, அதாவது 58 சதவீதம். ஆனால் இன்று வந்த அந்த 20 பேரைப் போலவே ஒவ்வொரு நாளும் வேறு 20 பேர் வருகிறார்கள். வாரம் முழுக்க அவர்கள் 100 பேர், அவர்களில் 90 பேருக்குக் கார் உண்டு. ஆள் கணக்கில் மொத்தம் 180 பேர், கார் வசதி உள்ளவர்கள் 130 பேர், அதாவது 72 சதவீதம். இரண்டுமே சரியான விடைகள். பஸ்ஸில் இருக்கைகளைப் பற்றி முடிவெடுக்கும்போது 58. மாதப் பாஸ், கட்டணத் திட்டம் என்று மனிதர்களைப் பற்றி முடிவெடுக்கும்போது 72. அறிக்கையில் எது என்று எழுதாமல் விடுவது பெரிய பிழை.

படிவம் திருப்பித் தராதவங்க யாரு? அவங்களால விடை மாறுமா?

மாறும். நின்றுகொண்டு வருபவர்களால் எழுத முடியாது, அவர்கள் பெரும்பாலும் கடைசி நிறுத்தத்தில் ஏறியவர்கள். கியூஆர் கோடு மட்டும் ஒட்டினால் வயதானவர்கள் குறைவார்கள். பல மொழி பேசும் ஊரில் ஒரே மொழியில் அச்சிட்டால் காரில்லாதவர்கள் குறையக் கூடும். ஒவ்வொரு நிறுத்தத்திலும் ஏறியவர்களைத் தலை எண்ணி வைத்துக்கொள்ளுங்கள். நிறுத்தம் வாரியாக எடை போட்டால், அதாவது ஏறியவர்களைவிடக் குறைவாகப் படிவம் வந்த நிறுத்தத்தின் விடைகளுக்கு அதற்கேற்பக் கூடுதல் மதிப்புக் கொடுத்தால், பாதிக் குறை தீரும்.

காரை நிறுத்திட்டு பஸ் ஏறுறவங்க கார் பயணியா, பஸ் பயணியா?

இரண்டும். பார்க் அண்ட் ரைடு இடத்தில் ஏறுபவருக்கு முதல் மூன்று கதவுகளும் திறந்தே இருக்கின்றன, கார் கையில்தான் இருக்கிறது. அவரை பஸ் பக்கம் திருப்பியது நான்காவது கதவு. மற்ற நிறுத்தங்களில் ஏறுபவர்களோடு அவரைக் கலந்து சராசரி எடுத்தால் இருவரையும் பற்றித் தவறாகச் சொல்வீர்கள். காரில் கொண்டுவந்து இறக்கிவிடப்பட்டவர் மூன்றாவது வகை: கார் உண்டு, ஆனால் அது வேறொருவரோடு திரும்பிவிட்டது.

நிறுத்துமிடத்தில் கார்களை எண்ணி ஆட்களைக் கணக்கிட முயல்பவர்கள், பக்கத்துக் கடைக்கு வந்தவர் காரையும் இரண்டு பேர் சேர்ந்து வந்த காரையும் கவனிக்க வேண்டும். நிறுத்துமிடம் 85 முதல் 90 சதவீதம் நிரம்பினாலே நடைமுறையில் நிரம்பியதாகக் கொள்வார்கள், மிச்ச இடத்தைத் தேடிச் சுற்ற வேண்டியிருப்பதால். 7:30-க்கு அது நிரம்பிவிட்டால் பிறகு வருபவர் பஸ்ஸுக்குக் காத்திருக்க மாட்டார், அதே காரில் வேலையிடம் வரை போய்விடுவார். அப்படிப் போனவர் உங்கள் கணக்கெடுப்பில் அகப்படவே மாட்டார். இடத்தைப் பெருக்குவதும் எளிதில்லை. பாதையோடு சேர்த்து ஒரு காருக்கு 25 முதல் 30 சதுர மீட்டர், 300 காருக்கு 7,500 முதல் 9,000 சதுர மீட்டர்.

இடத்தைத் தேர்ந்தெடுக்கும்போது ஒன்றை மறக்க வேண்டாம்: மையப் பகுதிக்கு எதிர்த்திசையில் பின்னோக்கி ஓட்டிப்போய் பஸ் ஏற மக்கள் விரும்புவதில்லை. ஆகவே ஆள் வரும் பரப்பு வட்டமாக இருக்காது, வெளிப்புறம் நோக்கி நீண்டிருக்கும்.

கார் உள்ளவங்க, மதியம் அவசரம்னா வீட்டுக்குப் போக முடியாதேன்னு பஸ்ஸை விடறாங்க. என்ன செய்யறது?

நெரிசல் நேரத்தில் மட்டும் ஓடும் பஸ்ஸின் இயல்பான குறை இது. காலையில் பஸ்ஸில் வந்தவருக்கு மாலை வரை கார் வசதி கிடையாது, வீட்டில் இரண்டு கார் நின்றாலும். குழந்தைக்குக் காய்ச்சல் என்று பள்ளியிலிருந்து அழைப்பு வந்தால் அவர் மாட்டிக்கொள்வார். மதியம் ஒன்றிரண்டு பஸ் விடுவது ஒரு வழி. ஆண்டுக்குச் சில முறை அவசரத்துக்கு டாக்சிச் செலவை ஏற்கும் 'உறுதியான வீடு திரும்பல்' திட்டம் இன்னொரு வழி. இதைப் பயன்படுத்துபவர்கள் மிகக் குறைவு; இருக்கிறது என்ற தைரியமே ஆளை பஸ்ஸில் வைத்திருக்கிறது.

கட்டாயப் பயணி, விருப்பப் பயணின்னு ரெண்டா பிரிச்சா வேலை முடிஞ்சுதே?

பிரிவு வசதியானது, ஆனால் மனிதர்களை அப்படி வெட்ட முடியாது. லைசென்ஸும் காரும் இருந்து இருட்டில் ஓட்டப் பயப்படுபவர் குளிர்காலத்தில் கட்டாயப் பயணி, கோடையில் விருப்பப் பயணி. கார் வாங்க வசதியிருந்தும் வாங்காமல் இருப்பவர் எந்தப் பக்கம்? நான்கு கதவுகளில் எது மூடியிருக்கிறது என்று எழுதுங்கள். 'காரில்லை', 'கார் பற்றவில்லை', 'கார் உண்டு, பார்க்கிங் இல்லை', 'எல்லாம் உண்டு' என்ற நான்கு வரிகள், 'கட்டாயம்', 'விருப்பம்' என்ற இரண்டு சொற்களைவிட அதிகம் சொல்லும்.

கார் வச்சிருக்கிறவங்களுக்கு எதுக்குப் பொதுப் பணத்துல பஸ்?

நியாயமான கேள்வி. பஸ் எதற்காக ஓடுகிறது என்று முதலில் முடிவு செய்ய வேண்டும். சாலையிலிருந்து கார்களை எடுப்பதுதான் நோக்கம் என்றால், கார் வசதி உள்ள பயணிதான் பயன். அவர் இல்லாவிட்டால் அந்தக் காலை ஒரு கார் கூடியிருக்கும். நியூ ஜெர்சியிலிருந்து நியூயார்க்குக்கு இட்டுச்செல்லும் லிங்கன் சுரங்கப்பாதைக்குள் போகும் சுமார் 4 கிலோமீட்டர் பஸ் தடம் 1970 டிசம்பரில் தொடங்கியது. எதிர்த்திசைச் சாலையில் ஒரே ஒரு தடத்தைக் காலை 6 முதல் 10 வரை பஸ்ஸுக்கு ஒதுக்குகிறார்கள். கோவிடுக்கு முந்தைய ஆண்டுகளில் வேலைநாள் காலையில் 1,700-க்கும் மேற்பட்ட பஸ்கள், 60,000-க்கும் மேற்பட்டவர்கள் அதில் போனார்கள். நெடுஞ்சாலைத் தடம் ஒன்றில் மணிக்குச் சுமார் 2,000 கார்கள், காருக்கு 1.2 பேர் என்று வைத்தால் நான்கு மணி நேரத்தில் 9,600 பேர்தான் போக முடியும்.

காரில்லாதவரை வேலைக்குக் கொண்டுசேர்ப்பது நோக்கம் என்றால் அளவுகோல் வேறு. அப்போது இதே பணத்தில் இரவிலும் ஞாயிறிலும் ஓடும் உள்ளூர் பஸ் கூடுதல் நன்மை செய்யக் கூடும். எக்ஸ்பிரஸ் பஸ் காலையில் ஒரு முறை நிறைந்து போய், எதிர்த்திசையில் பெரும்பாலும் காலியாகத் திரும்புவது. இருக்கைக்கு ஆகும் செலவு அதிகம். இரண்டு நோக்கத்தையும் ஒரே சதவீதத்தால் நிரூபிக்க முயலும் அறிக்கைகளை நம்ப வேண்டாம்.

பஸ் மெதுவாச்சுன்னா யாரு முதல்ல போவாங்க?

எல்லாக் கதவும் திறந்திருப்பவர். அவருக்கு பஸ் தரும் ஒரே மேன்மை நேரமும் நிம்மதியும். லாஸ் ஏஞ்சல்ஸ் அருகே 1973-ல் திறந்த எல் மான்டே பஸ் தடத்தில், பின்னாளில் மூன்று பேருக்குக் குறையாமல் வரும் கார்களையும் விட்டார்கள். 2000 ஜனவரியில் இரண்டு பேர் இருந்தாலே போதும் என்று தளர்த்தியதும் நெரிசல் நேர வேகம் பாதிக்கும் கீழே சரிந்தது. அதே ஆண்டு ஜூலையில் நெரிசல் நேரத்துக்கு மூன்று பேர் விதியை மீட்டார்கள். காரில்லாதவர் தாமதத்தைச் சகித்துக்கொண்டு தொடர்வார்; அவர் பொறுமையைத் திருப்தி என்று எடுத்துக்கொள்ளக் கூடாது.

பஸ் வந்ததால காரை வித்துட்டாங்கன்னு சொல்லலாமா?

ஒரு நாள் கணக்கெடுப்பை வைத்துச் சொல்ல முடியாது. பஸ் இருப்பதால் இரண்டாவது காரை வாங்காமல் இருந்திருக்கலாம். கார் ஓட்டப் பிடிக்காததால் பஸ் வரும் இடமாகப் பார்த்து வீடு எடுத்திருக்கலாம். வெளியிலிருந்து இரண்டும் ஒன்றாகத் தெரியும். 'இந்த பஸ்ஸில் வரத் தொடங்கிய பிறகு கார் எண்ணிக்கை மாறியதா?', 'வீடு தேடும்போது இந்த பஸ்ஸைக் கருதினீர்களா?' என்ற இரண்டு கேள்விகள் ஓரளவு பிரித்துக் காட்டும். காரை விற்பது சில மாதங்களில் நடப்பதில்லை. புதுத் தடம் தொடங்கிய ஆறாம் மாதத்தில் இதைத் தேடுவது வீண்.

போன தடவை 58 சதவீதம், இந்த தடவை 45. கார் உள்ளவங்க பஸ்ஸை விட்டுட்டாங்கதானே?

அவசரப்படாதீர்கள். கேள்வியின் சொற்கள் மாறவில்லை, பஸ்கள் அதே நேரத்தவை, எடை போட்ட முறை அதே என்று முதலில் உறுதி செய்யுங்கள். பிறகு மேலே தினசரிப் பயணியைப் பற்றிச் சொன்ன கணக்குக்குத் திரும்புங்கள். தினமும் வந்த 80 பேரில் கார் வசதியுள்ள 40 பேர், வீட்டிலிருந்து வேலை செய்யும் ஏற்பாட்டால் வாரம் 2 நாள் மட்டும் வரத் தொடங்கினார்கள் என்று வையுங்கள். ஒரு நாளைக்கு அவர்களில் 16 பேர் வருவார்கள். காரில்லாத 40 பேரும், ஒரு நாள் பயணிகள் 20 பேரும் வழக்கம்போல. மொத்தம் 76, கார் வசதியுள்ளவர்கள் 16 + 18 = 34. அது 45 சதவீதம்.

ஆள் கணக்கில் இன்னும் அதே 180 பேர், அதே 130 பேர், அதே 72 சதவீதம். ஒருவரும் பஸ்ஸை விட்டுப் போகவில்லை. இதைப் பார்க்காமல் 'கார் உள்ளவர்கள் போய்விட்டார்கள்' என்று பார்க் அண்ட் ரைடு இடத்தைச் சுருக்கினால், அவர்கள் ஒன்றாக வரக்கூடிய செவ்வாய், புதன் காலைகளில் அது வழிந்து நிற்கும். அடுத்த கணக்கெடுப்பைத் திங்கள், வெள்ளி உட்பட ஐந்து நாளும் பரப்பி வையுங்கள்.